பாகம் பிரிக்காத வயர்

நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் கைகாரி. தந்திரக்காரி என்ற பொருளில் வைத்ததுதான். ஆனால் கையால் பேசுவதே அவள் பிழைப்பு என்பதால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்திப் போனது. தெருவே அப்படிக் கூப்பிட, அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

காது கேட்காத அம்மாவுக்குப் பிறந்தவள் அவள். பேச்சு வருவதற்கு முன்பே சைகை வந்துவிட்டது. சிறுமியாக இருந்தபோது, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்குத் தெரிந்த பை பள்ளிக்கூடப் பை ஒன்றுதான். தோளில் மாட்டுவது போலக் காட்டினாள். எதை எடுக்கிறார்கள் என்று தெரியாமலே அம்மா ஆபரேஷனுக்குப் போய் வந்தாள். இன்னொரு பிள்ளைக்கு அந்த வேலை வரக்கூடாது என்று அன்றைக்குப் பிடித்த பிடிவாதம், தலை நரைக்கத் தொடங்கியும் அவளை விடவில்லை.

அதனால்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வீடியோ அழைப்பில் சைகை பேச ஆள் தேடுகிறது என்றதும் முதல் ஆளாய்ப் போய் நின்றாள். சோதனை அழைப்பில் கோட்டை விட்டாள். தப்பு அவளுடையதல்ல, வைஃபையுடையது. ‘இந்த மாத்திரை வேண்டாம்’ என்று காட்டும்போது படம் நடுவில் உறைந்துவிட்டது. ‘இந்த மாத்திரை’ மட்டும் போய்ச் சேர்ந்தது, ‘வேண்டாம்’ போகவில்லை. நல்லவேளை, எதிரே இருந்தவர் நிஜ நோயாளி இல்லை. நாளைக் காலை இன்னொரு வாய்ப்பு தருகிறோம், அதுவும் சரிப்படாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டின் அமைப்பு அப்படி. மாமனார் போன பிறகு பாகம் பிரித்ததில் முன் ஹாலும் பின் அறையும் அவள் கணவனுக்கு வந்தன. நடுவில் இருப்பதெல்லாம் அவன் அக்காவுக்கு. எந்த மகராசன் போட்ட திட்டமோ! பின் அறைக்குப் பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். நோயாளியின் விஷயம் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். பிள்ளைகள் உருண்டு புரளும் ஹாலில் அது நடக்காது. ஹாலிலிருந்து கிளம்பும் வைஃபையோ நாத்தனார் வீட்டைத் தாண்டிப் பின் அறைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

கட்டிலை நகர்த்தியபோதுதான் சுவரில் அந்தப் பழைய கேபிள் டிவி முனையைப் பார்த்தாள். பெயின்ட் அப்பிக் கிடந்தது. அதேபோல் ஒன்று ஹாலிலும் இருந்தது. வீடு ஒன்றாக இருந்த காலத்தில் மாமனார் எல்லா அறைகளுக்கும் சுவருக்குள்ளேயே இழுத்து வைத்த வயர். கரண்டி வரைக்கும் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டவர்கள், இதைப் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

அந்த வயரிலேயே இன்டர்நெட்டை அனுப்பலாம், இந்த முனையில் ஒரு டப்பா, அந்த முனையில் ஒரு டப்பா போதும் என்றார் கடைக்காரர். வாங்கி வந்து மாட்டினாள். இணைப்பு விளக்கு எரியவே இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள். நடுவில் எங்கேயோ வயரைக் கிளை பிரிக்கும் பழைய ஸ்ப்ளிட்டர் மறித்துக்கொண்டிருக்கும், அதைக் கழற்றிவிட்டு இரண்டு வயர்களையும் ஒரு ஜாயின்ட் போட்டு நேராகச் சேர்த்துவிடுங்கள் என்றார்.

நடுவில் என்றால் நாத்தனார் வீடு.

பிரிவினைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நல்லது கெட்டதுக்கு இவள் போய் மணியடித்தாலும் கதவு திறக்காது. ஆனால் சாயந்திரமானால் டிவி சுவர் அதிர அலறும். தன்னை வெறுப்பேற்றத்தான் என்பதில் இவளுக்குச் சந்தேகமே இல்லை. கணவனைப் போய்க் கேட்கச் சொன்னாள். அவனுக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளே கிளம்பினாள்.

மணியடித்தாள். பதில் இல்லை. விடுவதாக இல்லை அவள். சந்து வழியாகப் போய்ச் சமையலறை ஜன்னலில் நின்று கையை ஆட்டினாள். நாத்தனார் திடுக்கிட்டுப் பார்த்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டு, செத்துப்போன வயர் தனக்கு எதற்கு, எடுத்துக்கொண்டு போகலாம் என்று உதட்டைச் சுழித்தாள்.

ஸ்ப்ளிட்டர் பரணில் தூசிக்குள் கிடந்தது. கைகாரி ஸ்டூலில் ஏறிக் கழற்றினாள். முதுகைக் காட்டியபடியே, கீழே வைத்த ஜாயின்ட்டை எடுத்துக் கொடுங்கள் என்றாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். அதற்கும் இல்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று திரும்பினாள். நாத்தனார் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அந்த ஜாயின்ட்.”

உடனே கைக்கு வந்தது.

நாத்தனாரின் கண் அவள் உதட்டிலேயே இருந்தது. அம்மாவின் இதே பார்வைக்குக் கீழேதான் அவள் வளர்ந்தாள். திறக்காத கதவும் அலறிய டிவியும் ஒரு நொடியில் புரிந்துபோயின. அம்மாவின் மகளாகப் பிறந்தும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்குக் காது போனது அவளுக்குத் தெரியவில்லை. திமிர் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இறங்கி நேருக்கு நேர் நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டினாள். “எப்பலேர்ந்து அண்ணி?”

நாத்தனார் முதலில் முறைத்தாள். பிறகு முகம் தளர்ந்தது.

“வீடு பிரிக்கறப்பவே பாதி போயிடுச்சு. நீங்க பேசினது ஒண்ணும் சரியா விழல. திருப்பிக் கேட்டா செவிடின்னு சொல்லுவீங்க. அதான் முறைச்சுக்கிட்டே இருந்துட்டேன்.”

அவள் நாத்தனாரின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி ஏறி வயர்களைச் சேர்த்து முறுக்கினாள். பின் அறைக்கு ஓடிவந்து பார்த்தபோது விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் காட்டிய ஒவ்வொரு ‘வேண்டாம்’ஐயும் எதிரே இருந்தவர் முழுதாகப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சந்தில் ஸ்டூலைப் போட்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

“பிள்ளைங்க சத்தம் போடாம பாத்துக்கிட்டேன்.”

“சத்தம் போட்டா உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?”

“வாயைத் தொறந்தா தெரியாதா?”

இருவருமே சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்ததைக் கைகாரி சொன்னாள். நாத்தனார் தலையாட்டினாள். பிறகு, சண்டை என்பதை எப்படிக் காட்டுவது என்று கேட்டாள். கைகாரி இரண்டு கைகளையும் எதிரெதிரே நீட்டி மோதவிட்டுக் காட்டினாள். நாத்தனார் அதையே செய்து பார்த்தாள், தப்பாக. மறுபடி செய்தாள்.

“முதல்ல இதை நல்லா சொல்லிக் குடு,” என்றாள். “உன்கூட நிறைய பாக்கி இருக்கு.”