கொடுத்த வாக்கும் ஒத்தைச் சீட்டு வண்டியும்

உயிரில்லாத ஒரு பொருளின் மேல் குற்றம் சுமத்த முடியுமா? முடியும் என்றால், அந்தக் குற்றம் என்றைக்குத் தீரும்? படித்தவர்கள் இதை சாவகாசமாக உட்கார்ந்து வாதாடலாம். சீட்டக்காவுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. கேள்வி அவளுடைய தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்று பதில் கேட்டது.

அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் அவள் சீட் தைக்கும் பிரிவில் இருந்தாள்; சீட்டக்கா என்ற பெயரே அப்படி வந்ததுதான். கட்டடத்தின் கடைசி அறை. பசை நெடி, ரெக்சின் சுருள்கள், அறுத்த ஃபோமின் தூள். வேலை முடிந்து எழும்போது அங்கே எல்லாப் பெண்களுக்கும் தலை நரைத்தது போலிருக்கும். மற்றவர்கள் உதறினால் போய்விடும். அவளுக்கு இப்போதெல்லாம் உதறினாலும் போவதில்லை.

அவள் கணவன் அதே ஆலையில் டெஸ்ட் ரைடராக இருந்தவன். புது வண்டியை விற்பனைக்கு விடுமுன் சோதனைத் தடத்தில் நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. அந்த வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு சொந்த சீட் வைத்திருப்பார்கள். எந்த வண்டியைக் கொடுத்தாலும் கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டுத் தங்களுடையதை மாட்டிக்கொள்வார்கள். நாள் முழுக்க உட்காருகிறவனுக்கு இடுப்பு பிழைக்க வேண்டுமே. அவனுடைய சீட்டை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். கல்யாணப் பேச்சே அந்த சீட்டுக்கு அளவு எடுத்ததில்தான் தொடங்கியது என்று அறைப் பெண்கள் கேலி செய்வார்கள். அவள் மறுத்ததில்லை.

பிறகு அந்த வேக வண்டி வந்தது. மெலிந்த உடம்பு, தாழ்ந்த ஹேண்டில் பார், ஒரே ஆளுக்கு மட்டும் சீட். ஆலைக்காரர்கள் அதை 'ஒத்தை' என்று கூப்பிட்டார்கள்.

"எனக்கு உக்கார எடமில்லாத வண்டிய எதுக்குத் தலையில தூக்கி வச்சு ஆடறீங்க?" என்று அவள் கேட்டாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை.

"நீ ஓட்டக் கத்துக்கோ. நான் வீட்ல உக்காந்துக்கறேன்" என்றான். அவன் வேறெந்த வண்டியையும் அப்படிக் கொண்டாடியதில்லை.

சோதனை எல்லாம் அவன் சொந்த சீட்டில் நடந்தது. அவள் அதன் பின்பக்கத்தை மேடாக்கித் தைத்திருந்தாள். அது அவனை டேங்க்கை ஒட்டி முன்னால் உட்கார வைத்தது. பாரம் முன் சக்கரத்தில் விழுந்தது. எந்த வேகத்திலும் ஆட்டமில்லை. வண்டி கல்லுப் போல நின்றது. குறையில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். முதல் தொகுப்பு வெளியே வந்த அன்று, வாங்குகிறவர் கைக்குப் போகிறபடியே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் கம்பெனி சீட்டிலேயே ஏறினான். அது அவனைப் பின்னால் தள்ளியது. முன் பக்கம் லேசானது. முழு வேகத்தில் ஹேண்டில் பார் உதற ஆரம்பித்தது. அதன் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை.

விசாரணையில் ஒரு பொறியாளர் சொன்னார்: "ஃப்ரேம்ல பலம் பத்தல. அதுதான் தப்பு. ஆனா சொந்த சீட் போடாம இருந்திருந்தா முதல் வாரமே தெரிஞ்சிருக்கும்."

அவர் யாரையும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. முதல் வாக்கியம் எல்லார் காதிலும் விழுந்தது. அவள் காதில் இரண்டாவது மட்டும் தங்கிவிட்டது.

பெரிய முதலாளி அவள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. "நீயா வாய் திறந்து செய்யின்னு சொல்ற வரைக்கும் அந்த வண்டி நம்ம வாசலத் தாண்டாது" என்றார். அதோடு 'ஒத்தை' நின்றது. டெஸ்ட் ரைடர்கள் சொந்த சீட் வைத்துக்கொள்வதும் நின்றது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், மருத்துவமனையில் எலும்பு வார்டில் நர்ஸ் ஆனாள். பெரிய முதலாளி காலமானார். அந்தக் கதையை அவளுக்கு எதிரில் யாரும் பேசுவதில்லை. அவர்கள் பேசாததே அவளுக்குப் பேச்சாக இருந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் சின்ன முதலாளி அந்த அறைக்கு வந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"உக்காந்து கேளுங்க தம்பி. நின்னுக்கிட்டு இருந்தா கடன் வசூலுக்கு வந்த மாதிரி இருக்கு."

ஃபோம் கட்டின் மேல் உட்கார்ந்தார். அது அவரைப் பாதி விழுங்கியது. பெண்கள் ரெக்சினால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஒத்தையை மறுபடி கொண்டு வரலாமான்னு பாக்கறோம். ஃப்ரேம் புதுசு. பேரும் உருவமும் அதேதான். நீங்க சரின்னாதான் செய்வோம்."

"வேண்டாம்னா?"

"செய்ய மாட்டோம். அப்பா குடுத்த வாக்கு."

சின்ன முதலாளியைப் பெரிய தர்மவான் என்று சொல்வதற்கில்லை. லாபக் கணக்கு அவருக்கு நன்றாகவே வரும். ஆனாலும் அந்த வாக்குக்கு அவளைத் தவிரச் சாட்சி யாரும் உயிரோடு இல்லை என்று தெரிந்தும் கேட்க வந்தார். அந்த அளவுக்கு அவரை ஒப்புக்கொள்ளலாம்.

கேன்டீனில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை.

"நம்ம வண்டிய வாங்குறவன் ஓட்டவா வாங்குறான்? ஞாயித்துக்கிழமை தொடைக்க வாங்குறான்" என்றார் பெயின்ட் பிரிவுக்காரர். "பழைய பெருமைய எத்தனை நாளைக்கு வித்துக்கிட்டு இருக்கறது? வேகமா ஒண்ணு வந்தாத்தான் பசங்க திரும்பிப் பாப்பாங்க."

"வந்தாலும், அதுவும் பழைய பேர்லதான வருது?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. "செத்துப்போனத எழுப்பி மேக்கப் போட்டா உசுரு வந்துருமா?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சீட்டக்கா எதுவும் கேட்காதவள் போலத் தட்டைக் கழுவப் போனாள்.

மகள் தடுப்பாள் என்று அவள் எதிர்பார்த்தாள். வேக வண்டியிலிருந்து விழுந்தவர்களைத் தினமும் தூக்கிப் படுக்க வைக்கிறவள் அல்லவா? மகளோ வேறு மாதிரி சொன்னாள்.

"செய்யச் சொல்லும்மா."

"நீயாடி சொல்ற?"

"புது ஃப்ரேம்ல எந்த சீட் போட்டாலும் உதறாதாம். ஊரே அத ஓட்டட்டும். தப்பு ஃப்ரேம் மேலதான்னு அப்பவாவது உனக்கு நம்பிக்கை வரும். நீ தைக்கிற ஒவ்வொரு சீட்டையும் எத்தன தடவ அமுக்கிப் பாக்கறேன்னு எனக்குத் தெரியாதா? போதும்மா. எறக்கி வை."

இத்தனை வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள் பெற்ற பிள்ளைதான். சீட்டக்கா முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை.

மறுநாள் சின்ன முதலாளியிடம், "ஓட்டிக் காட்டுங்க. சீட் நான் தைக்கறேன்" என்றாள். இரண்டு தைத்தாள். ஒன்று, கம்பெனி வரைபடத்தின்படி. இன்னொன்று, வரைபடம் இல்லாமல், கை நினைவில் வைத்திருந்தபடி, பின்பக்கம் மேடாக. தைத்த நாட்களில் அவள் முகம் தெளிந்திருந்தது. கேலிக்கு பதில் கேலி சொன்னாள். பதில் என்னவென்று ஆலைக்குத் தெரிந்துவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள். பெயின்ட் பிரிவில் நிறம் கலக்கக்கூடத் தொடங்கிவிட்டார்கள்.

சோதனைத் தடத்தின் ஓரத்தில் மகளோடு நின்று பார்த்தாள். ரைடர் ஒரு பெண். முதலில் மேடான சீட்டில் ஓட்டினாள். வண்டி கல்லுப் போல நின்றது. பிறகு கம்பெனி சீட்டை மாட்டினார்கள். வேகம் ஏற ஏற சீட்டக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் வளைந்துவிட்டது. தடத்தின் கடைசி நேர்க்கோட்டில் வண்டி முழு வேகத்தில் வந்தது. ரைடர் வேண்டுமென்றே பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஹேண்டில் பார் அசையவில்லை. மறுபடி வந்தாள். மறுபடியும் அசையவில்லை.

"பாத்தியாம்மா?" என்றாள் மகள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றாள் தாய்.

வண்டி வந்து நின்றது. இன்ஜின் சூடு அடங்குமுன் சீட்டக்கா பக்கத்தில் போனாள். சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கினாள். ஒரே ஒருமுறைதான். ரைடரைப் பார்த்து, "நல்லா ஓட்டுன கண்ணு" என்றாள். சின்ன முதலாளியிடம் திரும்பினாள்.

"நல்ல வண்டி தம்பி. ஒரு குறையும் இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருவர் கை தட்டக்கூடச் செய்தார்.

"செய்ய வேண்டாம்" என்றாள்.

கை தட்டியவர் நிறுத்திக்கொண்டார். மகள் "அம்மா" என்றாள். சின்ன முதலாளி வண்டியை விட்டு அவள் பக்கம் வந்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களாக்கா?"

"ஆமா தம்பி."

"ஏன்னு கேக்கலாமா?"

"கேக்கலாம்."

அவர் கேட்டார். அன்றைக்கு மகளும் கேட்டாள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில், அவளை மதித்தவர்களும், அவளால் ஒரு நல்ல வண்டி போயிற்றே என்று மனம் கசந்தவர்களும் கேட்டார்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை.