விஜயாவின் முகமும் ஐம்பது எம்எம் லென்ஸும்

போன மாதம் ஒரு தோழியின் மூக்கை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டேன். புதுக் கமெரா வாங்கிய உற்சாகத்தில் செய்த காரியம்.

தோழியின் பெயர் விஜயலெட்சுமி. கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர். பேராதனை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தொடங்கிய எங்கள் நட்புக்குப் பதினைந்து வயது. பிறக்கும்போதே அவருக்கு மேலுதடு பிளந்திருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தைத்துவிட்டார்கள். தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அந்தத் தழும்போடுதான் பட்டம் பெற்றார், மேடைகளில் பேசினார், அதிகாரிகளோடு வாதாடிப் பிள்ளைகளுக்குப் புதுக் கட்டடம் வாங்கினார். ஆனால் கமெராவைக் கண்டால் மட்டும்... பின்வரிசைக்குப் போய்விடுவார்.

போன மாதம் பாடசாலை மலர் அச்சுக்குப் போக இருந்தது. அதிபரின் வாழ்த்துச் செய்திக்குப் படம் வேண்டியிருந்தது.

"படம் இல்லாமலே போடுங்கன்னு சொல்லிட்டேன்க்கா" என்றார்.

நான் விடுவேனா? "நான் எடுத்துத் தாறன். பயப்பிடாதையும்!"

முகம் நிறைய வரவேண்டும் என்று, ஒரு முழத் தூரத்தில் போய் நின்று எடுத்தேன். திரையில் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. மூக்கு முன்னால் வந்து நின்றது. காதுகள் எங்கோ பின்னால் ஒளிந்துகொண்டன. தழும்பு, கோடு போட்டதுபோல் நடுவில். விஜயாவும் எட்டிப் பார்த்தார்.

"பரவால்லக்கா. நான் இப்பிடித்தானே இருக்கேன்."

அப்படி இல்லவே இல்லை! இதைச் சொல்வதற்குப் பதில் அவர் என்னை நன்றாகத் திட்டியிருக்கலாம்.

குற்றம் லென்ஸுடையது என்று முடிவு செய்தேன் — வேறு யாருடையதாக இருக்க முடியும்? மறுநாளே கண்டி டவுனில் ஒரு கமெராக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸை எடுத்து வைத்தார். நான் தலையாட்டத் தொடங்கிவிட்டேன்.

தன் கமெராவைத் துப்புரவு செய்யக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டார்: "மிஸ், யார எடுக்கப் போறீங்க?"

அவர் பெயர் ரிஸானா. கட்டுகஸ்தோட்டைக்காரர். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படமெடுப்பவர். விஜயாவின் ஒஃபீஸில் நான் எடுத்த படத்தைக் கமெராவிலேயே காட்டினேன்.

"லென்ஸ்ல பிழை இல்ல மிஸ். நீங்க கிட்டப் போயிட்டீங்க. கிட்டப் போனா மூக்கு பெருசாத்தான் வரும். ஆறடி தள்ளி நில்லுங்க. கமெராவோட வந்த இதே லென்ஸை ஐம்பத்தஞ்சு எம்எம்முக்குத் திருப்புங்க. முகம் முகமா வரும்."

"அப்ப ஒண்டும் வாங்கத் தேவையில்லையோ?"

"வாங்கணுமெண்டா ஐம்பது எம்எம் ஒண்டு வாங்குங்க. சின்னது, விலையும் குறைவு. உங்கட கமெராவுக்கு முகம் எடுக்க அது போதும். வெளிச்சம் குறைஞ்ச ரூம்லயும் எடுக்கேலும், பின்னால ஈக்கிற அலுமாரியெல்லாம் மங்கிப் போகும். இந்தப் பெரிசு கல்யாண ஹோலுக்குத்தான் சரி. சின்ன ஒஃபீஸ்ல எடுக்கப் போனா நீங்க சுவருக்கு வெளியதான் நிக்கணும்!"

கடைக்காரர் பெரிய லென்ஸை மெதுவாக உள்ளே வைத்தார். ரிஸானா விஜயாவின் படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"சனிக்கிழமை எனக்கு வேலை இல்ல. நானும் வரவா?"

வந்தார். தன் ஐம்பது எம்எம்மை எடுத்துக்கொண்டு, கலஹா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு. எனக்குச் சொல்லித் தரத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் வந்தது விஜயாவுக்காக.

அரை மணித்தியாலம் கமெராவைத் தொடவேயில்லை. ஒஃபீஸ் ஜன்னல் பக்கமாகக் கதிரையைப் போட்டு விஜயாவை உட்காரவைத்து, புதுக் கட்டடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டேயிருந்தார். விஜயாவுக்குப் பிடித்த கதை அல்லவா? கை விரித்து, கண் விரித்துச் சொல்லத் தொடங்கினார். இடையில் திடீரென்று நிறுத்தினார்.

"தங்கச்சி, கம்ப்யூட்டர்ல இந்தத் தழும்ப எடுத்துருவீங்களா?"

நான் ரிஸானாவைப் பார்த்தேன். தழும்பும் அழகுதான் என்று ஏதாவது உபதேசம் செய்துவிடுவாரோ?

"எடுக்கேலும்" என்றார் ரிஸானா சாதாரணமாக. "முதல்ல படத்தப் பாருங்க. பொறகு எடுக்கணுமா வாணாமாண்டு நீங்க செல்லுங்க, நான் செய்றன்."

ஆறடி தள்ளி நின்றார். கண்ணில் ஃபோகஸ். நாலைந்து கிளிக்... அவ்வளவுதான்.

விஜயா திரையை வெகுநேரம் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணு இவ்வளவு பெருசாக்கா?"

"ஓம், பதினைஞ்சு வருசமா நான் பாக்கிறன்தானே" என்றேன்.

"தழும்ப எடுக்கவா?" என்று கேட்டார் ரிஸானா.

விஜயா இன்னொரு முறை பார்த்தார். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுதுங்க."

மலர் அந்தப் படத்தோடு வந்துவிட்டது. நானும் ஒரு ஐம்பது எம்எம் வாங்கிவிட்டேன். ஆனால் தள்ளி நிற்க வேண்டிய இடத்தில் தள்ளி நிற்கவும், மற்றவரே தீர்மானிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்ததே... அது எந்தக் கடையில் கிடைக்கும்?

நேற்றுக் காலை விஜயாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. இத்தனை வருடமாக அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ரோஜாப்பூவைக் காணவில்லை. அந்த இடத்தில் அவர் முகம்.

அந்த முகத்தைப் பார்த்த யாரும் ரோஜா எங்கே போனது என்று இதுவரை கேட்கவில்லையாம்!