கருமணல் சோதித்த கோடை

பொறுமை இல்லாதவனை ஆராய்ச்சிக்கு அனுப்பக் கூடாது. என் பேராசிரியருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சுதந்திரம் வந்த மறு கோடையில், பி.எஸ்ஸி. முதல் வருடம் முடித்திருந்த என்னை இரண்டு மாதப் பயிற்சி என்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார்.

வேலை இதுதான். தென்கரைக் கருமணலில் சில இடங்களில் தோரியம் கலந்திருந்தது. அணுகுண்டுக்கு உதவும் என்று அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை. கொழும்புக்குப் போகும் தோணிகளில் சரக்கு லேசாக இருந்தால், ஆடாமல் நிற்க அடியில் மணலைக் கொட்டுவார்கள். அந்த மணலோடு தோரியம் கடல் தாண்டுகிறதா என்று நான் சோதித்துச் சுங்க அதிகாரியிடம் சொல்ல வேண்டும். குண்டாகச் செய்துவிட்ட பிறகு அதை யார் கையிலிருந்தும் பிடுங்க முடியாது, மண்ணாக இருக்கும்போதே தடுக்க வேண்டும் என்பார் பேராசிரியர். ஜப்பானில் குண்டு விழுந்த நாளிலிருந்து அவருக்கு அதே பேச்சு. எனக்குப் பத்தொன்பது வயது. உலக சமாதானத்தை என் சைக்கிள் கேரியரில் கட்டிவைத்திருப்பதாக நினைப்பு.

கேரியரில் உண்மையில் இருந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே இரண்டு தங்க இலைகள் தொங்கும். மின்னேற்றினால் இலைகள் விரிந்து நிற்கும். தோரியம் கலந்த மணலைத் தட்டில் வைத்தால் சீக்கிரம் மடங்கிவிடும். எவ்வளவு நேரத்தில் மடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். தினமும் முதலில் வெறும் தட்டை வைத்துப் பார்க்கச் சொல்லிப் பேராசிரியர் காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தார். கல்லூரியில் ஒருமுறை பார்த்தேன், இலைகள் அசையவில்லை. பிறகு எதற்குத் தினமும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் ஒன்றும் அகப்படவில்லை. வந்த தோணிகளில் முக்கால்வாசி உப்பும் வெங்காயமும் ஏற்றியவை, மணலே கிடையாது. மில்லர்புரத்தில் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துத் துறைமுகத்துக்கு வந்து, சுங்கக் கொட்டகையில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். எங்கேயாவது ஒரு கள்ளன் வரமாட்டானா என்று இருந்தது. அப்படித்தான் வைகாசி பிறந்ததும் அந்தத் தோணி வந்தது. பனந்தும்புக் கட்டுகள் ஏற்றி, அடியில் கன்னங்கரேல் என்று மணல். தோணியை ஓட்டும் தண்டல் ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் ஜெபமாலை. ஏன் கருமணல் என்று கேட்டேன். கனம் அதிகம், இடத்தை அடைக்காது, நாலு கட்டு கூடுதலாக ஏற்றலாம் என்றார். நியாயமான பதில். எனக்கோ அது தயாராக வைத்திருந்த பதிலாகப் பட்டது.

மணலில் ஒரு பிடி அள்ளித் தட்டில் வைத்தேன். இலைகள் கண் எதிரே மடங்கின. திங்கட்கிழமை மாலை அதிகாரியிடம் “இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்தேன். தோணி நிறுத்தப்பட்டது. பேராசிரியருக்கு அன்றே தந்தி அடித்தேன். பம்பாயில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு என் பெயரைச் சொல்வதாகப் புதன் காலையில் பதில் தந்தி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அவசரத்தில் மணலை வைக்க மறந்து கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வெறும் தட்டு. இலைகள் அதே வேகத்தில் மடங்கின. கடற்காற்றின் ஈரமும் உப்பும் பெட்டியில் படிந்து மின்சாரம் தானாகவே கசிந்துகொண்டிருந்தது. டீக்கடை அடுப்போரம் பெட்டியைக் காயவைத்து, தண்டலின் மணலை மறுபடி வைத்தேன். அரை மணி நேரம் ஆகியும் இலைகள் விரிந்தபடியே நின்றன.

உடனே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரியின் மேசை இருபது அடி தூரம். நான் அங்கே போகவில்லை. சட்டைப்பையில் தந்தி இருந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், தோணிகள் கட்டும் கடல்பாலம் வரைக்கும் நடந்து திரும்பினேன். தோணி மேல் தண்டலின் ஆட்கள் ஏழு பேர் சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் நாலு மாதம் எந்தத் தோணியும் கொழும்புக்குப் போகாது என்பது எனக்கும் தெரியும். இன்னும் ஒருமுறை சோதித்து நிச்சயப்படுத்திக்கொள்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறுமை இல்லாதவனுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ அவ்வளவு பொறுமை வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கச்சான் எழுந்தது. கொட்டகைக் கூரைத் தகரம் தடதடத்தது. சாயங்காலத்துக்குள் கடல் முழுக்க வெள்ளை நுரை.

வெள்ளிக்கிழமை காலையில் போய், என் சோதனை தப்பு, பெட்டி பழுது, மணலில் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தோணியை விடுவித்தார். அது எங்கே போகும்? தும்புக் கட்டுகளை இறக்கி, தோணியைக் கரையேற்றிவிட்டார்கள். ஏழு பேரும் உப்பளத்தில் வேலை கேட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தண்டல் சித்தி வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று வாசலில் நின்றேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது. அவர் கையில் ஒரு சீலாக் கருவாட்டுப் பொட்டலம்.

“ஆபீசர் சொன்னாரு தம்பி. தப்புன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்தியளாமே. படிச்சவுகளுக்கு அந்த மனசு லேசுல வராது.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நாலு மாதத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கடல் இருக்கிறது, கட்டுமரம் இருக்கிறது, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். மூத்த மகள் கல்யாணத்தைத்தான் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்றார், ஏதோ பந்தல்காரன் வரவில்லை என்பது மாதிரி. போகத் திரும்பியவர் நின்று கேட்டார்.

“தப்புன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

“வெள்ளிக்கிழமை காலையில, அண்ணாச்சி.”

“அதான பாத்தேன். முன்னயே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியளே.”

தலையசைத்தேன். அவர் படியிறங்கிப் போனார்.

சித்தி அந்தக் கருவாட்டை மத்தியானமே பொரித்தாள். எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டேன்.