மூன்றாவது ஹோதி

என் தங்கையே இதை நம்பவில்லை. வெயில் தலைக்கேறிவிட்டது என்றாள். இருக்கட்டும். ஆனால் நடந்தது எனக்கு, அதுவும் பட்டப்பகலில்.

லாமு தீவுக்குத் தெற்கே எங்கள் ஊர் முட்டோண்டூனி. கடலோரத்தில் ஐந்நூறு வருடத்துப் பவளக்கல் வீடு ஒன்று இடிந்து கிடக்கிறது. அதைத் தோண்டி ஆராய்கிறவர்களிடம் பானை ஓடு துடைக்கும் வேலை எனக்கு. அந்த வீட்டுக்காரி, கப்பலில் போன கணவனுக்காகக் காத்திருந்தே செத்தாளாம். கல்லறை முற்றத்திலேயே இருக்கிறது.

என் கணவர் அத்துமானி மீன்பிடிக்கப் போய் அன்றோடு பதினோரு நாள். அவர் இறந்துவிட்டார், வெளியே போகாமல் இத்தா இருந்து துக்கம் காக்க வேண்டும் என்றார்கள். உடலைப் பார்க்காமல் எப்படி இருப்பேன்? வந்துவிடுவார் என்று வேலைக்குப் போனேன்.

எங்கள் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று ‘ஹோதி’ என்று குரல் கொடுப்போம். உள்ளேயிருந்து ‘கரிபு’ என்று அழைத்தால்தான் காலெடுத்து வைக்கலாம். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். ஆனால் இடிந்த வீட்டில் ஹோதி என்று குரல் கேட்டால், கூப்பிடுவது செத்தவர்கள்; வாயே திறக்கக் கூடாது.

மாலை 4.05. சுவருக்கு அந்தப் பக்கம், என்னோடு வேலை செய்யும் பையன் கொம்போ மண் சலித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஓட்டைத் துடைக்கிறியா, தூங்குறியா?”

“நீ உன் சல்லடையைப் பாரு.”

4.10. கடல் சத்தம் நின்றது. சல்லடைச் சத்தமும்...

“ஹோதி.”

அத்துமானியின் குரல். ‘ஹோ’வை அவர் மட்டும்தான் அப்படி இழுப்பார்.

வாசலில் யாரும் இல்லை. படி மட்டும் நனைந்திருந்தது. சொட்... சொட்...

4.12. “ஹோதி.”

நாள் முழுக்கத் துடுப்புப் போட்டுக் களைத்த குரல். பதில் நாக்கு நுனிவரை வந்தது. பயத்தில் முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டேன்.

4.15. “ஹோதி...”

அழுதார்.

துணியை இன்னும் ஆழமாகத் திணித்தேன்.

சொட்டுவது நின்றது.

மறுநாள் காலை அலையாத்திக் காட்டில் உடல் கிடைத்தது. இறந்து பத்து நாளாவது இருக்கும் என்றார் டாக்டர். நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே என்று ஒவ்வொரு நாளும் அழுதேன்.

வெளியே வந்ததும் கொம்போ கேட்டான்.

“அன்னிக்கு சாயங்காலம் யாரைக்கா உள்ள கூப்பிட்டே?”

“யாரையும் கூப்பிடலையே.”

“கரிபுன்னு சொன்னியேக்கா. அவ்வளவு ஆசையா ஒரு பொம்பளை கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல.”

அந்த வீட்டில் அன்று உயிரோடு இருந்த பெண் நான் ஒருத்திதான். என் வாயில் துணி இருந்தது.

இப்போது தினமும் 4.10க்கு அங்கே போகிறேன். வாசலில் நின்று மூன்று முறை ஹோதி சொல்கிறேன். பதில் வருவதில்லை. திரும்பி வந்துவிடுகிறேன்.