எண்பது எழுத்துக்கு மேல்

அலுவலகத்தில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். தையல்காரன் அல்ல, இணையதளங்களுக்கு நிரல் எழுதுகிறவன். அதிலும் படம், பொத்தான், வண்ணம் எதுவும் அவன் பக்கம் வராது. அவன் பிழைப்பே எழுத்தோடுதான். பெயருக்கு முன்னால் யாராவது வெற்றிடம் விட்டால் சுரண்டி எடுக்க ஃபங்ஷன் என்கிற ஒரு சின்ன நிரல்துண்டு, தொலைபேசி எண்ணுக்குள் புள்ளியும் கோடும் நுழைந்தால் துடைத்துப்போட இன்னொன்று. அவன் எழுதி வைத்ததை எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். தலைக்கனம் ஏற இது போதாதா?

அவற்றிலேயே பேர் வாங்கியது வெட்டும் ஃபங்ஷன். அவர்களுடைய நிறுவனம் அடுக்குமாடி வீடுகளைப் பராமரித்து வந்தது. குடியிருப்பவர்கள் பழுதுகளை இணையதளத்தில் எழுதிப் போடுவார்கள். மேலாளருக்கு அதைப் படிக்கப் பொறுமையில்லை.

"குழாய் ஒழுகுதுன்னு சொல்றதுக்குக் கதை கதையா அளக்கறாங்கப்பா. ஆளுக்கு ஒரு வரிக்கு மேல காட்டாதே."

அவனும் எண்பது எழுத்தோடு நறுக்கினான். சொல் நடுவில் உடையாமல் பார்த்துக்கொண்டான். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைத்தான். புள்ளியைத் தட்டினால் முழுதும் விரியும். யார் தட்டினார்கள்? புகார்ப் பிரிவில் இருந்த பெண் ஒரு வரியைப் பார்ப்பாள், புகாரா பாராட்டா என்று பிரிப்பாள், அடுத்ததற்குப் போவாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் முன்னால் எப்போதும் மலைபோல் குவிந்து கிடக்கும்.

அந்த வீடுகளில் ஒன்றில்தான் அவனுடைய அக்கா இருந்தாள். பார்த்துக் கொடுத்ததும் அவன்தான். அக்கா தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவள். போன் செய்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, முதுகுவலி எப்படி என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் வந்த காரியம் வெளியே வரும். அதுவரை பொறுக்கிற ஆளா இவன்?

"அக்கா, விஷயத்த மட்டும் சொல்லு. வேலை கிடக்கு."

"ஒண்ணுமில்லடா. நீ வேலையப் பாரு, அப்புறம் பேசறேன்."

இப்படி அவள் கடைசியாகச் சொன்ன மறுவாரம், மாடிப்படியின் கைப்பிடி கையோடு பெயர்ந்து வந்து அக்கா கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "கைப்பிடி ஆடுதுன்னு எழுதிப் போட்டிருந்தேன்டா. உன்கிட்ட சொல்லலாம்னுதான் அன்னிக்குக் கூப்பிட்டேன். நீ அவசரத்துல இருந்தே" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை.

அவன் நேரே அலுவலகம் போய்த் தேடினான். புகார்களில் இல்லை. பாராட்டுகளில் கிடந்தது.

'வணக்கம். அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன முறை குழாயைச் சரிசெய்து கொடுத்ததற்கு உங்களுக்கு மிக்க நன்றி...'

சொல் உடையாமல், சுத்தமாக வெட்டியிருந்தது. புள்ளியைத் தட்டினான். மூன்றாம் மாடியில் கைப்பிடி ஆடுகிறது, குழந்தைகள் ஓடுகிற இடம், கொஞ்சம் பார்க்க முடியுமா என்று மீதி விரிந்தது. மரியாதை தெரிந்தவர்களையெல்லாம் பாராட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, எடுத்த எடுப்பில் கத்தியவர்களுக்கு மட்டும் ஆள் அனுப்பியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே அந்த ஃபங்ஷனைத் தூக்கினான். மேலாளர் குதித்தார், குதிக்கட்டும் என்று விட்டுவிட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், வேறென்ன?

அக்காவிடமும் ஒளிக்கவில்லை. "நான் எழுதினதுதான்கா வெட்டிடுச்சு" என்றான்.

"அட போடா. எனக்குத்தான் பேசத் தெரியல" என்று அவள் சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

இப்போது அக்கா ஊன்றுகோலோடு நடக்கிறாள். அவள் கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எடுக்கிறான். போன வாரமும் அப்படித்தான் ஓடிப்போய் எடுத்தான்.

"வலி மாத்திரை தீந்துடுச்சு. வரும்போது வாங்கிட்டு வா. வெச்சிடறேன்."

"அக்கா, இரு இரு. சாப்பிட்டியான்னு கேக்கவே இல்லையே?"

"உனக்கு வேலை இருக்கும்டா" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.