மாப்பிள்ளை பார்க்க ஏறிய மலை

மகள் கூட்டி வந்த பெடியன் நகரத்தின் மற்றக் கரையில், பொயிண்ட் குக்கில் இருப்பவன், தமிழ்நாட்டுக்காரன், கம்ப்யூட்டர் வேலை. மனைவிக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. எனக்குத்தான் அவனுடைய மரியாதை எரிச்சல். நான் எழும்பினால் எழும்புவான், இருந்தால் இருப்பான். எதைக் கேட்டாலும் "ஆமா அங்கிள்". வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவனை நம்பி ஒரே மகளை எப்படிக் கொடுப்பது?

"ஆளை வடிவாப் பாத்துப்போட்டுத்தான் ஓம் எண்டுவன்," என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

மகள் சளைக்கவில்லை. "அப்ப மூண்டு பேரும் மலை ஏறுவம் அப்பா. அங்க வச்சு இன்டர்வியூ பண்ணுங்கோ."

இப்படித்தான், இந்த நாட்டுக் கோடையான தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடிய முதலே எங்கள் நோபல் பார்க் வீட்டில் இருந்து வெளிக்கிட்டு, மத்தியான வெயிலில் ஒரு மொட்டைப் பாறையின் அடியில் நின்றோம். அதற்கு மேலே பாதை என்று ஒன்றும் இல்லை. கையாலும் காலாலும் தொற்றித்தான் உச்சிக்குப் போகவேண்டும். மகள் ஆடு மாதிரித் தாவிப் போய் மறைந்துவிட்டாள்.

"நீங்க முன்னாடி போங்க அங்கிள்."

"இல்லைத் தம்பி, நீர் போம்."

"பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி..."

பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடி வழி கிடைக்கும் என்று காத்துக்கொண்டு நின்றது. கலியாண வீட்டில் முதல் பந்திக்கு உபசரிப்பது போல நாங்கள் மாறி மாறி உபசரித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான் சத்தம் போட்ட பிறகுதான் ஏறினான்.

ஒரு பாறை வெடிப்பில் அவனுடைய சப்பாத்து என் தலையில் பட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கால் பட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டாமா?

"ஐயோ, கால் பட்டிருச்சு அங்கிள்!" என்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவன் வலது கையை விட்டான். என் தலையைத் தொடக் குனிந்தான். இடது கையும் வழுக்கியது. ஆள் முழுதாக என் தோளில் வந்து இறங்கினான். நான் பாறையைக் கட்டிப்பிடித்தேன். என் கழுத்தில் இருந்துகொண்டும் அவன் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறான்.

"டேய் விசரா! கும்பிடாதையடா! கல்லைப் பிடியடா!"

எப்படியோ பக்கத்தில் இருந்த ஒரு திட்டுக்கு ஊர்ந்து போய் இருந்தோம். பெரிய இலையான்கள் மொய்த்துக் கடித்தன. கல்லை விட்டு அடிப்பதற்கு இருவருக்கும் கை வரவில்லை. அவன் முகம் சாம்பலாய்ப் போயிருந்தது.

"அங்கிள், எனக்கு உயரம்னாலே பயம். பால்கனியிலகூட நிக்க மாட்டேன்."

"அப்ப ஏனடா வந்தனீ?"

"வரலைன்னா நீங்க வேணாம்னு சொல்லிருவீங்களேன்னுதான்..."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்தப் பயத்தோடா இவ்வளவு தூரம் ஏறினான்?

"எனக்கும் கால் நடுங்குதடா," என்றேன். உண்மையாகவே நடுங்கியது.

மேலே பாறை விளிம்பில் மகளின் தலை தெரிந்தது. "அப்பா! என்ன சத்தம்? ஆர் விழுந்தது?"

"ஒருத்தரும் விழேல்லைப் பிள்ளை. மருமோன் கொஞ்சம் களைச்சுப் போனார். இருந்திட்டு வாறம்."

பக்கத்தில் இருந்தவன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். மேலே மகள் இன்னும் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "என்ன, மருமோனோ? இன்னொருக்காச் சொல்லுங்கோ."

மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.