இடப்பக்கத்து இருக்கை

ரங்கூன் தாமுவே சந்தையில் அஞ்சுகம் அக்காவை எல்லாரும் காய்கறிக்காரர் சிங்காரத்தின் மனைவி என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கடையில் கூடை தூக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அவர்களுடைய பழைய ஜப்பான் வேனிலோ ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் லாரி போனால் எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருக்கும் அக்கா எட்டிப் பார்த்து, “போங்க!” என்றால்தான் சிங்காரம் முந்துவார். கல்யாணம் ஆனதிலிருந்து மாவ்பி நெடுஞ்சாலையில் அக்காவுக்கு இதே வேலை.

போன மாதம் கோயில் திருவிழாவில், விபத்தே இல்லாமல் ஓட்டியவர் என்று சிங்காரத்துக்கு மாலை போட்டார்கள். மைக்கில் முனீஸ்வரனுக்குக்கூட நன்றி சொன்னார். அக்கா பெயர் வரவில்லை.

மறுநாள் காய் எடுக்கப் போகும்போது அக்கா பின்னால் ஏறி, காலிக் கூடைகளுக்கு நடுவே என்னோடு உட்கார்ந்துகொண்டார். வழியில் ஒரு வைக்கோல் வண்டி. சிங்காரம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார், முந்தத் துணியவில்லை. என்னை முன்னால் கூப்பிட்டார். நான் அசையவே இல்லை. சைக்கிள்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின.

கடைசியில் வேனை ஓரங்கட்டி, “முன்னால வா, அஞ்சுகம்” என்றார்.

கண்ணாடியில் தொங்கிய மாலையை அக்கா காட்டினார். “அதைக் கழற்றி என் கழுத்துல போடுங்க. வர்றேன்.”

போகிற வருகிற லாரிக்காரர்கள் பார்க்க, சிங்காரம் மாலையைப் போட்டார். அக்கா முன்னால் ஏறி, எதிரே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இப்பப் போங்க!”